மிகைப்பாய்வு வால்வும் மூடப்பட்ட பள்ளங்களும்

அமெரிக்க நகரங்களில் இயற்கை எரிவாயு, தெருவுக்கு அடியில் ஓடும் முதன்மைக் குழாயிலிருந்து பிரிந்து, ஒவ்வொரு வீட்டின் மீட்டர் வரையிலும் ஒரு சிறு கிளைக்குழாய் வழியாகச் செல்கிறது. இணைப்புக் குழாய் எனப்படும் இக்கிளை விட்டத்தில் சிறியதே ஆயினும், மக்கள் உறங்கும் சுவர்களை ஒட்டி வருவதாலும், கம்பம் நடுவோர் முதல் வேலி போடுவோர் வரை எவருடைய கருவியும் இதில் படக்கூடும் என்பதாலும், விநியோக அமைப்பில் இதன் சேதம் தனிக் கவனத்துக்கு உரியதாயிற்று. இக்குழாய் அறுபட்டால் வாயுவைத் தானே நிறுத்தும் வால்வு 1970-களிலேயே அறியப்பட்டிருந்தும், புதிய தனி வீடுகளுக்கு அதைக் கட்டாயமாக்கும் விதி 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அடுக்ககங்களும் சிறு வணிகக் கட்டடங்களும் 2017 வரை காத்திருந்தன.

மிகைப்பாய்வு வால்வு என்று அழைக்கப்படும் இக்கருவி மிக எளிய அமைப்புடையது. முதன்மைக் குழாயிலிருந்து இணைப்பு பிரியும் இடத்துக்கு இயன்றவரை அருகில், குழாயின் உள்ளேயே பொருத்தப்படும் இதில், ஒரு சிறு அடைப்பானை ஸ்பிரிங் ஒன்று திறந்த நிலையில் பிடித்துவைக்கிறது. அடுப்பும் வெந்நீர்க் கலனும் வீட்டைச் சூடாக்கும் உலையும் ஒருசேர எரிந்தாலும் ஸ்பிரிங் அசைவதில்லை. ஆனால் குழாய் அறுபட்டு வாயு வரம்பு மீறிப் பாயும்போது, அடைப்பானின் இருபுறமும் தோன்றும் அழுத்த வேறுபாடு ஸ்பிரிங்கின் விசையை வென்று அடைப்பானைத் தள்ளி வழியை மூடிவிடுகிறது. அதன்பின் முதன்மைக் குழாயின் அழுத்தமே அதை மூடியநிலையில் நிறுத்துகிறது. மின்சாரமோ மனிதக் கையோ இதற்குத் தேவையில்லை. சிறு துளையில் மெல்லக் கசியும் வாயுவை இது உணராது. மீட்டருக்கு அப்பால் வீட்டினுள் ஏற்படும் சிறு கசிவையும் தடுக்காது. அழுத்தம் மிகக் குறைந்த பழைய விநியோக அமைப்புகளில் ஸ்பிரிங்கை வெல்லும் அளவு வேறுபாடு உண்டாகாது என்பதால், சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 10 பவுண்டு அழுத்தம் எப்போதும் உள்ள குழாய்களுக்கே பின்னாளைய விதி பொருந்தியது.

இதற்கு முந்தைய பாதுகாப்பு மனிதரின் மூக்கை நம்பியிருந்தது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில், மணமற்ற வாயு தரைக்கு அடியில் தேங்கி வெடித்து ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்த பின்னரே வாயுவில் மணமூட்டி கலப்பதை அம்மாநிலம் சட்டமாக்கிற்று. மணம் விழித்திருப்பவரை எச்சரிக்கும். உறங்குபவருக்கு அதனால் பயன் குறைவு. குழாய்வழிப் பாதுகாப்புக்கான கூட்டாட்சிச் சட்டம் 1968-இல் வந்தது. விபத்துகளை ஆராயும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1970-களின் தொடக்கத்திலிருந்தே இவ்வால்வைப் பரிந்துரைத்து வந்தது. ஆயினும் பரிந்துரைப்பது மட்டுமே அவ்வாரியத்தின் அதிகாரம். விதி எழுதும் அதிகாரம் போக்குவரத்துத் துறையிடம் இருந்தது.

1988-89-இல் கன்சாஸ், மிசூரி பகுதியில் நேர்ந்த தொடர் வெடிப்புகளை ஆராய்ந்த வாரியம், புதிதாக இடப்படும், மாற்றப்படும் வீட்டு இணைப்புகளில் வால்வைக் கட்டாயமாக்குமாறு 1990-இல் மீண்டும் கோரியது. 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசும் இப்பொருளில் விதி வகுக்கும்படி துறையைப் பணித்தது. துறையோ வால்வின் செலவையும் அது தவிர்க்கும் இழப்பையும் பணமாக்கி ஒப்பிட்டு, கட்டாயம் தேவையில்லை என்று முடிவு செய்தது. அழுக்கு சேர்ந்து வால்வு காரணமின்றி மூடிக்கொள்ளும் என்ற அச்சமும் எரிவாயு நிறுவனங்களிடம் நிலவியது. 1996-இல் வந்தது வால்வின் செயல்தரத்துக்கான விதி மட்டுமே: வால்வு மூடிய பின், தானே மீளத் திறப்பதற்காகச் சிறு கசிவை அனுமதிக்கும் வகை வால்வில் மணிக்கு 20 கன அடிக்கு மேலும், முற்றிலும் மூடும் வகை வால்வில் 0.4 கன அடிக்கு மேலும் வாயு செல்லலாகாது என்று அது வரையறுத்தது. 1998 பிப்ரவரியில் வெளியான அடுத்த விதி, வால்வு கிடைக்கும் என்பதை வாடிக்கையாளருக்கு அறிவித்தால் போதும், விரும்புபவர் செலவை ஏற்றால் பொருத்த வேண்டும் என்றது. புதிய வீட்டுக்கு இணைப்பு கேட்பவர் பெரும்பாலும் கட்டுநரே. அங்கு வாழப்போகும் குடும்பம் அந்த அறிவிப்பைப் பார்க்க வழியே இல்லை. இது அவ்விதியின் கடுமையான குறை.

அவ்விதி நடைமுறைக்கு வருமுன்பே, 1998 ஜூலை 7 அன்று, வர்ஜீனியாவின் சவுத் ரைடிங்கில் புது வீட்டில் முதல் இரவைக் கழித்த நால்வர் குடும்பம் நள்ளிரவுக்குப் பின் வெடிப்பில் சிக்கியது, தாய் இறந்தார். அருகில் புதைக்கப்பட்ட மின்கம்பியில் எழுந்த மின்பொறி வெப்பத்தால் எரிவாயுக் குழாயில் துளை விழுந்திருந்தது. வால்வு இருந்திருந்தால் அது மூடி, வெடிப்பு நிகழாதிருக்கக்கூடும் என்று வாரியம் கண்டது. அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று மினசோட்டாவின் செயின்ட் கிளவுடில், கம்பத்துக்கான நங்கூரத்தை நடைபாதையில் இறக்கியவர்களால் 1 அங்குல பிளாஸ்டிக் இணைப்புக் குழாய் அறுபட்டது. ஏறத்தாழ 39 நிமிடங்களுக்குப் பின் வாயு தீப்பற்றி நால்வர் இறந்தனர், ஆறு கட்டடங்கள் அழிந்தன. தனி வீடுகளை மட்டும் கருதிய விதி, இத்தகைய நகர மையத்தை எட்டவே இல்லை. எவ்வகை வாடிக்கையாளராயினும் வால்வு வேண்டும் என்று வாரியம் 2001-இல் வலியுறுத்தியது இப்பின்னணியில்தான்.

2006-ஆம் ஆண்டுச் சட்டம் இறுதியில் அறிவிப்பை விட்டுக் கட்டாயத்துக்கு வந்து, 2008 ஜூன் 1-க்குப் பின் இடப்படும் அல்லது மாற்றப்படும் தனி வீட்டு இணைப்புகளில் வால்வைப் பொருத்தச் செய்தது. 2016 அக்டோபரில் வெளியாகி மறு ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி, மணிக்கு 1,000 கன அடி வரை வாயு கொள்ளும் அடுக்ககங்களையும் வணிக இணைப்புகளையும் சேர்த்துக்கொண்டது. அதற்கும் பெரிய இணைப்புகளுக்குக் கையால் மூடும் வால்வு போதும் என்றது.

புதிய அல்லது மாற்றப்படும் குழாய் என்ற வரையறை மட்டும் எல்லா விதிகளிலும் மாறாமல் நின்றது. பள்ளம் திறந்திருக்கும் வேளையில் வால்வைச் செருகுவது சிறு வேலை. மண் மூடிய பின் அதற்காகவே தெருவைத் தோண்ட வேண்டியிருப்பதால் செலவு பன்மடங்காகிறது. ஆகவே கடந்துபோன ஒவ்வோர் ஆண்டும், அவ்வாண்டில் புதைக்கப்பட்ட குழாய்களை, அவை மாற்றப்படும் நாள் வரை, பாதுகாப்பற்றே விட்டது. பழைய இணைப்புடையோரும் வால்வைக் கேட்டுப் பெறலாம் என்ற உரிமையை 2016 விதி அளித்து, அதை அவர்களுக்குத் தெரிவிக்கும் கடமையை நிறுவனங்கள் மீது வைத்தது; மீண்டும் தோண்டும் செலவை யார் ஏற்பது என்பதை மட்டும் அந்தந்த இடத்தில் கட்டணம் நிர்ணயிக்கும் அமைப்புகளிடம் விட்டுவிட்டது.