குடிக்கும் மருந்தின் கதை

கெங்குவார்பட்டியில் பேதி கண்ட குழந்தைக்கு இன்று நீங்கள் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம், அகதி முகாமில் தேறிய மருந்தாகும். 1971இல் கிழக்கு வங்கப் போருக்குத் தப்பி மேற்கு வங்கத்துப் போன்காவுக்கு வந்தோரிடையே காலரா பரவிற்று. சிரை வழி ஏற்றும் உப்புநீரோ தீர்ந்துகொண்டிருந்தது.

காலராவில் உயிரை வாங்குவது நீரும் உப்பும் வெளியேறுவதே. குடித்தால் தங்குமா என்று கேட்பீர்கள். காலரா நஞ்சு குடலைச் சுரக்க வைக்கும். ஆனால் குளுக்கோசுடன் சோடியம் உள்ளே நுழையும் வாயிலை அது அடைப்பதில்லை. சோடியத்தின் பின்னே நீரும் செல்லும்.

மருத்துவர் திலீப் மஹலானபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையலுப்பு, 2.5 கிராம் சோடா உப்பு எனக் கலக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்ட இடத்தில் நால்வருக்கும் குறைவாகவே மாண்டனர். புகட்டியவர்கள் பெரும்பாலும் செவிலியர் அல்லர். நோயாளிகளின் தாய்மாரும் உறவினருமே!