‘நான்-டாக்ஸிக்’ டிஷ்வாஷர் பவுடர்... நம்பி வாங்கலாமா? டெல்டா வீடுகள் கவனிக்க வேண்டியவை!

டிஷ்வாஷர் வாங்கியாச்சு. அடுத்த கேள்வி, அதுல எந்த பவுடரைப் போடுறது? ‘நான்-டாக்ஸிக்’, ‘நேச்சுரல்’, ‘கெமிக்கல் ஃப்ரீ’ என விதவிதமான பாக்கெட்டுகள் கடையில் இருக்கின்றன. ஆனால், முன்பக்க வார்த்தைகளை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது. சோடா உப்பும் கெமிக்கல்தான், எலுமிச்சைச் சாறும் கெமிக்கல்தான். பார்க்க வேண்டியது பாக்கெட்டின் பின்பக்கத்தை.

கை சோப்புக்கும் மெஷின் பவுடருக்கும் என்ன வித்தியாசம்?

கையால் தேய்க்கும் சோப்பில் நுரை அதிகம். மெஷினில் நுரை வந்தால் தண்ணீர் வெளியே வழியும். அதனால் டிஷ்வாஷர் பவுடரில் நுரை குறைவு, காரம் அதிகம். சலவை சோடா எனப்படும் சோடியம் கார்பனேட்தான் பெரும்பாலும் முக்கியப் பொருள். எண்ணெய்ப் பிசுக்கை அது கரைக்கும். அதே காரம் குழந்தையின் வாயில் பட்டால் புண்ணாக்கும், உணவுக்குழாயையே பாதிக்கலாம்.

லேபிளில் எதைப் பார்க்கணும்?

* பாஸ்பேட் இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பதிலாக சிட்ரேட் இருந்தால் நல்லது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜனவரி முதல் வீட்டு டிஷ்வாஷர் டிடர்ஜென்ட்களில் பாஸ்பரஸ் அளவைக் கட்டுப்படுத்திவிட்டது.
* குளோரின் ப்ளீச்சுக்குப் பதில் சோடியம் பெர்கார்பனேட் இருப்பதை வாங்கலாம். இது ஆக்சிஜனை வெளியிட்டு கறையை நீக்கும்.
* வாசனை, கலர் சேர்க்காதது தோல் அலர்ஜி உள்ளவர்களுக்கு நல்லது.
* உள்ளே இருக்கும் பொருட்களையே போடாத பாக்கெட் என்றால் தவிர்த்துவிடுங்கள்.

மத்திய அரசு 1991-ல் கொண்டுவந்த ‘ஈகோமார்க்’ திட்டத்தில் சோப்பு, டிடர்ஜென்ட்களும் உண்டு. மண்பானைதான் அதன் சின்னம். நிறுவனங்கள் விரும்பினால் மட்டுமே பெறும் சான்று என்பதால், எல்லா பாக்கெட்டிலும் அதை எதிர்பார்க்க முடியாது.

கழுவின தண்ணி எங்க போகுது?

டெல்டாவில் இதுதான் பெரிய கேள்வி. பல ஊர்களில் வீட்டுக் கழிவுநீர் கடைசியில் போய்ச் சேருவது வாய்க்காலில்தான். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். ஆற்றில் தண்ணீர் ஓடும்வரை கழிவு நீர்த்துப்போகும். மூடிய பிறகு வாய்க்காலில் தேங்குவது பெரும்பாலும் கழிவுநீர்தான். அதில் பாஸ்பேட் சேர்ந்தால் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் அது உரம். வயலில் இருந்து வரும் உரமும் இதற்குக் காரணம்தான். ஆனால், வீட்டில் நம்மால் உடனே குறைக்க முடிவது சோப்புத்தூளை.

கொல்லையில் உள்ள வாழைக்கு பாத்திரம் கழுவிய தண்ணீரை விடுவது நம்ம ஊர் வழக்கம். மெஷின் தண்ணீரை அப்படித் தொடர்ந்து விடாதீர்கள். அதிலுள்ள சோடியம் சேரச் சேர, களிமண் இறுகி தண்ணீர் இறங்காமல் போகும்.

எந்தப் பாத்திரத்தை மெஷினில் போடக்கூடாது?

எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் பிரச்சினை இல்லை. அலுமினியம் கறுத்துப்போகும். கும்பகோணம் பித்தளைப் பாத்திரம், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு இவையெல்லாம் வேண்டவே வேண்டாம். பித்தளைக்குப் பழைய புளிதான் சரி. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும். தேய்த்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

வினிகரும் ஆப்பசோடாவும் போதுமா?

இரண்டையும் கலந்தால் ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுத்துவிடும். பொங்கி வருவது கார்பன் டை ஆக்சைடுதான், அழுக்கை எடுக்கும் சக்தி இல்லை. அதைவிட முக்கியம், ப்ளீச்சுடன் வினிகரோ ஆசிட்டோ கலக்கவே கூடாது. விஷத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளியாகும்.

குழந்தைகள் இருக்கும் வீடா?

* மாத்திரை வடிவில் வருபவை மிட்டாய் மாதிரி தெரியும். உயரத்தில், பூட்டிய அலமாரியில் வையுங்கள்.
* மெஷினை ஓடவிடும் நேரத்தில் மட்டும் பவுடரைப் போடுங்கள்.
* தெருவில் வாங்கும் சோப் ஆயில், பினாயிலை கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குடிக்கிற பொருள் என்றுதான் குழந்தை நினைக்கும்.

தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சைச் சாறும் கொடுக்க வேண்டாம். வாயைத் தண்ணீரில் கழுவி, பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆம்புலன்ஸுக்கு 108. டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய விஷ முறிவுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117.

மொத்தத்தில், முழுக்க ஆபத்தே இல்லாத டிஷ்வாஷர் பவுடர் என்று எதுவும் இல்லை. பாஸ்பேட், குளோரின் இல்லாததை வாங்கி, பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு மேல் போடாமல், குழந்தைக்கு எட்டாமல் வைத்தால் ஆபத்து பெருமளவு குறையும்.