ஆறிய காயமும் அடங்காத அழுத்தமும்: குளுக்கோமா பற்றி நாம் அறிந்திருக்க வேண்டியவை

"இந்தக் கண்ணில முந்தி எப்பவாவது அடி பட்டதோ?"

கண் கிளினிக்கில் வைத்தியர் கேட்டபோது, இல்லை என்றுதான் சொன்னேன். பக்கத்தில் நின்ற மனைவி திருத்தினார்: "பங்கர் பலகை அடிச்சதைச் சொல்லுங்கோவன்."

1995 ஒக்ரோபர். வலிகாமத்தை விட்டு நாங்கள் வெளியேறுவதற்குச் சில நாட்கள் முன்பு. வளவுக்குள் விழுந்த எறிகணையில் பதுங்குகுழி வாசல் பலகை தெறித்து என் இடது கண்ணில் அடித்தது. கண்ணுக்குள் இரத்தம் கட்டியது. இரண்டு கிழமையில் பார்வை தெளிந்துவிட்டது. கால் இழந்தவர்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் சுற்றிலும் இருந்த நாட்களில், ஆறிப்போன கண்ணை ஒரு காயமாக யார் கணக்கெடுப்பார்கள்? நானும் மறந்துபோனேன்.

இருபது வருடங்களுக்கு மேல் கழித்து, வாசிப்புக் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் வலது கண்ணைப் பொத்திப் பார்க்கச் சொன்னார்கள். இடது கண்ணில் நடுப்பகுதி மட்டுமே தெரிந்தது. இடப்பக்கமாக வரும் சைக்கிள்களில் நான் அடிக்கடி முட்டப்போனதன் காரணம் அன்றுதான் விளங்கியது.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த திரவம் ஓயாமல் சுரந்து, ஓயாமல் வடிகிறது. இது கண்ணீர் அல்ல. கண்ணுக்கு உள்ளேயே ஓடுவது. கருவிழியின் கண்ணாடி போன்ற முன்படலமும் அதன் பின்னால் உள்ள நிறத் திரையும் சந்திக்கும் கோணத்தில் இதற்கான வடிகால் இருக்கிறது. வடிகால் அடைபட்டால் கண்ணின் உள்ளழுத்தம் ஏறும். அந்த அழுத்தம், பார்த்ததை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும். இதுவே குளுக்கோமா.

இரத்த அழுத்தம் வேறு, கண்ணழுத்தம் வேறு. "எனக்குப் பிறஷர் இல்லை" என்று இருந்துவிட முடியாது. கண்ணழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் வரை இருக்கும். ஆனால் அந்த அளவுக்குள் இருந்தும் சிலருக்கு நரம்பு பாதிக்கப்படுகிறது. ஆகவே அழுத்தத்தை அளப்பதோடு நரம்பையும் பார்க்க வேண்டும்.

பெரும்பாலானோருக்கு வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. ஓரப்பார்வை முதலில் போகும். ஒரு கண் இழப்பதை மறு கண் ஈடுசெய்துவிடும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை நகரிலும் அயல் கிராமங்களிலும் நடந்த ஆய்வில், இந்த நோயின் பரவலான வகை இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அதை அறியாமலே இருந்தார்கள்.

அடிபட்ட கண்

பலமான அடி விழும்போது அந்த வடிகால் கோணம் கிழியக்கூடும். மேலுக்குக் கண் ஆறிவிடும். உள்ளே வடிகால் தழும்பேறி மெல்ல மெல்ல அடைபடும். அழுத்தம் சில மாதங்களிலும் ஏறலாம், பத்து இருபது வருடங்களின் பின்னும் ஏறலாம். அடிபட்ட எல்லோருக்கும் இது வருவதில்லை. யாருக்கு வரும் என்பதை வருடாந்தப் பரிசோதனையில்தான் பிடிக்கலாம். எறிகணை அதிர்வு, தெறித்த கல், துவக்குப் பிடியால் விழுந்த அடி, எதுவானாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள். போரில் ஒரு கண்ணை இழந்து மற்றக் கண்ணோடு வாழ்பவர்கள் பரிசோதனையைத் தவறவே விடக்கூடாது.

வேறு யார் கவனமாக இருக்க வேண்டும்?

• 40 வயதைக் கடந்தவர்கள்
• பெற்றோர் அல்லது கூடப்பிறந்தவர்களுக்குக் குளுக்கோமா உள்ளவர்கள். அண்ணனுக்கு யாழ்ப்பாணத்தில் கண்டுபிடித்தால், கனடாவில் இருக்கும் தங்கைக்கும் தகவல் போகவேண்டும்
• நீரிழிவு உள்ளவர்கள், கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்கள்
• ஸ்டீரொயிட் மருந்தை நீண்டநாள் பாவிப்பவர்கள். கண்கடிக்கு ஒருமுறை எழுதித்தந்த துளிமருந்தைப் பாமசியில் திரும்பத் திரும்ப வாங்கி விடுவது ஆபத்தானது

"வெண்புரைதான், முத்தட்டும்" என்று காத்திருப்பதும் எங்களிடம் உள்ள வழக்கம். வெண்புரையால் மங்கிய பார்வை சத்திரசிகிச்சையால் திரும்பும். குளுக்கோமாவால் போனது திரும்பாது. மங்கல் எதனால் என்பதை வைத்தியர் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

உடனே ஓடவேண்டிய நேரம்

திடீரென்று கடும் கண்வலி, தலையிடி, சத்தி, கண் சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். இவை சேர்ந்து வந்தால் பனடோல் போட்டுப் படுக்காதீர்கள். வடிகால் ஒரேயடியாக மூடிக்கொண்டதன் அடையாளமாக இருக்கலாம். அன்றைக்கே, இரவானாலும், வைத்தியசாலைக்குப் போங்கள்.

சிகிச்சை

இருக்கும் பார்வையைக் காப்பதே சிகிச்சையின் நோக்கம். துளிமருந்து, லேசர், சத்திரசிகிச்சை என வழிகள் உண்டு. பலருக்குத் துளிமருந்தே போதும். ஆனால் நாள் தவறாமல் விடவேண்டும். நான் கடைப்பிடிப்பவை:

• ஒரு துளி போதும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்து முனையை இரண்டு நிமிடம் மெல்ல அழுத்துவேன்
• இரண்டு மருந்துகளுக்கிடையே ஐந்து நிமிட இடைவெளி
• திறந்த திகதியைப் போத்தலில் எழுதிவைப்பேன். பெரும்பாலான போத்தல்களை நான்கு கிழமையோடு எறிய வேண்டும்
• நல்லாய்த் தெரிகிறது என்று மருந்தை நிறுத்தமாட்டேன்

தொய்வு வருத்தமோ இருதய நோயோ இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். டிமொலோல் போன்ற சில துளிமருந்துகள் மூச்சைத் திணறவைக்கும்.

யாழ். போதனா வைத்தியசாலையில் கண் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. போகும்போது மூன்று விடயங்களைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: கண்ணில் எப்போது அடிபட்டது, குடும்பத்தில் யாருக்குப் பார்வை போனது, என்னென்ன மருந்து பாவிக்கிறீர்கள்.

என் இடது கண்ணில் போனது போனதுதான். மிச்சம் இருப்பது இன்னும் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு மனைவி போத்தலை எடுத்து நீட்டுகிறார். நான் முகத்தை நிமிர்த்துகிறேன்.