கூண்டிலிருந்து எழும் குரல்: ஒழுங்கு மீறும் எதிரியும் நீதிமன்ற அதிகாரத்தின் வளர்ச்சியும்

1631-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சாலிஸ்பரியில், தண்டனை பெற்ற கைதி ஒருவன் தலைமை நீதிபதி ரிச்சர்ட்சன்மீது செங்கல் துண்டை வீசினான். நீதிபதி மயிரிழையில் தப்பினார். உடனே அவன்மீது குற்றச்சாட்டு எழுதப்பட்டது. வலக்கை வெட்டப்பட்டுத் தூக்குமரத்தில் அறையப்பட்டது. நீதிமன்றத்தின் கண்முன்னேயே அவனைத் தூக்கிலும் போட்டார்கள். அவமதிக்கப்பட்டவரே, அவமதிப்பு நடந்த இடத்திலேயே, கோபம் தணியுமுன்பே தண்டிப்பதுதான் பழைய முறை. இந்த மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கச் சட்டம் பட்ட பாடே பிந்தைய வரலாறு. அந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம் ஒன்று லாகூரில் நிகழ்ந்தது.

இந்தியாவில் ஆங்கிலேயர் இயற்றிய சட்டம் இந்த விஷயத்தில் நிதானமாகவே தொடங்கியது. விசாரணையில் அமர்ந்திருக்கும் நீதிபதியை வேண்டுமென்றே அவமதிப்பதையும் இடையூறு செய்வதையும் 1860-இன் தண்டனைச் சட்டம், 228-ஆம் பிரிவில், ஆறு மாதச் சிறைக்குரிய குற்றமாக்கியது. 1898-இன் நடைமுறைச் சட்டமோ, அவமதிக்கப்பட்ட நீதிமன்றம் அன்றைய அலுவல் முடிவதற்குள் தானே தண்டிக்கலாம் என்றது. ஆனால் அபராதம் 200 ரூபாயைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் தண்டிக்க வேண்டுமானால் வழக்கை வேறொரு நடுவருக்கு அனுப்ப வேண்டும். கோபத்தில் இருப்பவரின் கைக்கு வரம்பு கட்டிய இந்த ஏற்பாட்டைக் காலனியச் சட்டத்தின் நல்ல பகுதிகளில் ஒன்றாகவே கருதுகிறேன். ஆனால் இது குடித்துவிட்டு வந்தவனையும் முன்கோபக்காரனையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தூக்குக்கு அஞ்சாதவர்கள் கூண்டில் நின்றால் 200 ரூபாய் அபராதம் என்ன செய்யும்?

1929 ஜூலையில் லாகூர் சதி வழக்கு ஒரு சிறப்பு நடுவர் முன் தொடங்கியபோது பகத்சிங்கும் பி.கே.தத்தும், சிறையில் தங்களைக் கண்ணியமாக நடத்தக் கோரி, உண்ணாவிரதத்தில் இருந்தார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எதிரிகளை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களை, நீதிமன்றத்துக்குக் கொண்டுவர முடியாமல் விசாரணை தடைப்பட்டது. பல எதிரிகள் உள்ள வழக்கில், நீதிமன்றத்தில் இருக்க இயலாதவரை விட்டுவிட்டு விசாரணையைத் தொடர 1923-இல் சேர்க்கப்பட்ட 540-ஏ பிரிவு இடம் தந்தது. ஆனால் அவருக்கு வழக்கறிஞர் இருக்க வேண்டும். வழக்கறிஞர் வேண்டாம் என்றவர்களிடம் அது பலிக்கவில்லை. எனவே 1929 செப்டம்பரில் அரசு சிம்லாவில் கூடிய மத்திய சட்டசபைக்கு, எதிரிகள் இல்லாமலே விசாரணை நடத்த இடம் தரும் ஒரு புதிய மசோதாவைக் கொண்டுவந்தது. அதைக் கடுமையாக எதிர்த்துப் பேசியவர் முகமது அலி ஜின்னா. விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே, செப்டம்பர் 13 அன்று, 63 நாள் உண்ணாவிரதத்துக்குப் பின் ஜதீந்திரநாத் தாஸ் சிறையில் இறந்தார். மசோதா நிறைவேறவில்லை.

அக்டோபர் 21 அன்று அப்ரூவர் ஜெய் கோபால் சாட்சிக் கூண்டில் ஏறி எதிரிகளை ஏளனம் செய்தபோது, அவர்களில் மிக இளையவரான பிரேம்தத் அவர்மீது செருப்பை வீசினார். வீசியவர் ஒருவர், கைவிலங்கோ எல்லோருக்கும். விலங்கோடு வர மறுத்தவர்களைப் போலீசார் அடித்தார்கள். ஒருவர் செய்ததற்கு அனைவரையும் தண்டித்த நடுவரின் ஆணைதான் ஒரு செருப்பு வீச்சை மாதக்கணக்கான மோதலாக்கியது.

1930 மே 1 அன்று வைஸ்ராய் இர்வின், சட்டசபையைத் தவிர்த்துவிட்டு அவசரச் சட்டம் பிறப்பித்தார். மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம். அதன்மீது உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு கிடையாது. தொடர்ந்து ஒழுங்கீனமாக நடப்பவர் இல்லாமலே விசாரிக்கலாம். மே 12 அன்று எதிரிகள் பாடிக்கொண்டும் முழக்கமிட்டுக்கொண்டும் வந்தார்கள். விலங்கிட்டு வெளியேற்றுமாறு தலைமை வகித்த நீதிபதி கோல்ட்ஸ்ட்ரீம் ஆணையிட, நீதிமன்றத்துக்குள்ளேயே தடியடி நடந்தது. உடன் அமர்ந்திருந்த நீதிபதி ஆகா ஹைதர், அந்த ஆணையிலும் அதன் விளைவுகளிலும் தமக்குப் பங்கில்லை என்று எழுதி வைத்தார். ஜூனில் தீர்ப்பாயம் திருத்தி அமைக்கப்பட்டபோது அவர் அதில் இல்லை. எதிரிகள் அதன்பின் வர மறுத்தார்கள். காலி இருக்கைகளுக்கு முன்னால் சாட்சியம் பதிவாகி, அக்டோபர் 7 அன்று பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அமெரிக்கா இதே கேள்வியை நாற்பது ஆண்டுகள் கழித்துச் சந்தித்தது. 1969-இல் சிகாகோவில், பிளாக் பாந்தர் கட்சித் தலைவர் பாபி சீல், தாம் நம்பிய வழக்கறிஞர் அறுவை சிகிச்சையில் இருந்ததால் விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்டார், மறுக்கப்பட்டது. தாமே வாதாடுவதாகச் சொன்னார், அதுவும் மறுக்கப்பட்டது. அவர் குரலை உயர்த்தவே, அக்டோபர் 29 அன்று நீதிபதி ஜூலியஸ் ஹாப்மன் அவரை நாற்காலியில் கட்டி வாயை அடைக்க ஆணையிட்டார். நவம்பர் 5 அன்று 16 அவமதிப்புகளுக்காக நான்கு ஆண்டுச் சிறை விதித்தார். 1972-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. லாகூரானாலும் சிகாகோவானாலும், கூச்சலுக்கு முன்னால் பதில் கிடைக்காத ஒரு நியாயமான கோரிக்கை இருந்தது.

1970-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இல்லினாய்ஸ் எதிர் ஆலன் வழக்கில் நெறி வகுத்தது. ஆலன் என்ற எதிரி நீதிபதியை மிரட்டி, கோப்புகளைக் கிழித்தெறிந்தவர். கட்டிப்போடலாம், அவமதிப்புக்குத் தண்டிக்கலாம், வெளியேற்றலாம் என மூன்று வழிகளை நீதிபதி பிளாக் காட்டினார். முதல் வழியின் இழிவையும் சேர்த்தே எழுதினார். வெளியேற்றுமுன் எச்சரிக்க வேண்டும். ஒழுங்காக நடக்க ஒப்புக்கொண்டால் திரும்பிவர விட வேண்டும். அடுத்த ஆண்டு மேபெரி வழக்கில், கடுமையாக வசைபாடப்பட்ட நீதிபதி, வழக்கு முடிந்தபின் தாமே அவமதிப்புத் தண்டனை விதிக்கக்கூடாது, வேறொருவர் விசாரிக்க வேண்டும் என்றது அதே நீதிமன்றம்.

சிம்லாவில் நிறைவேறாத எண்ணம் சுதந்திர இந்தியாவின் 1973-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தில், 317-ஆம் பிரிவாக, இடம்பெற்றது. தொடர்ந்து இடையூறு செய்யும் எதிரி இல்லாமலே விசாரணையை நடத்தலாம். காரணங்களைப் பதிவுசெய்ய வேண்டும், அவருக்கு வழக்கறிஞர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. லாகூரில் இந்தப் பாதுகாப்பு இல்லை. கைவிலங்கையும் 1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், காரணம் எழுதினாலன்றிப் பூட்டக்கூடாத விதிவிலக்காக்கினார்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 317 இப்போது 355 ஆகியிருக்கிறது. காணொலி வழி ஆஜராவதும் நேரில் ஆஜராவதாகக் கொள்ளப்படுகிறது. சிறையில் அமர்ந்திருக்கும் எதிரியின் ஒலியை ஒரு பொத்தானில் நிறுத்திவிடலாம். யாரும் யாரையும் கட்டிப்போட வேண்டியதில்லை. ஆனால் பக்கத்தில் இருக்கும் வழக்கறிஞரின் காதில் ஒரு வார்த்தை சொல்லும் வசதியும் அத்தோடு போகிறது. 43-ஆம் பிரிவோ சில வகைக் குற்றங்களில் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும்போதும் கைவிலங்கிட இடம் தருகிறது. 1980-இல் பூட்டிய கதவு பாதி திறந்திருக்கிறது.

355-ஆம் பிரிவின் வாசகத்தில் இன்றும் எச்சரிக்கை என்பது இல்லை. பின்னர் எதிரியை வரவழைப்பதும் நீதிபதியின் விருப்பம். ஒழுங்காக நடப்பேன் என்று உறுதி தருபவருக்கு அது உரிமையாகச் சொல்லப்படவில்லை. நாடாளுமன்றம் இவ்விரண்டையும் அந்தப் பிரிவிலேயே எழுதிச் சேர்க்க வேண்டும். அதுவரை உயர்நீதிமன்றங்கள் தங்கள் விதிகளின் மூலம் இவற்றைக் கீழமை நீதிமன்றங்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும்.