கிளென் கூல்டின் இரு இசைத்தட்டுகள்

செருமானிய இசைப் பேரறிஞர் பாக் 1741ஆம் ஆண்டில் அச்சேற்றிய ‘கோல்ட்பர்க் மாற்றுருக்கள்’ நெடுங்காலம் கற்றோர்க்கு மட்டுமே உரிய இசைநூலாய் இருந்தது. உறக்கம் வராத ஒரு பிரபுவுக்கு இரவில் வாசித்துக் காட்டவே அஃது இயற்றப்பட்டதென 1802இல் ஃபோர்கெல் என்பார் எழுதினார். வாசித்ததாகச் சொல்லப்படும் கோல்ட்பர்க்குக்கு அப்போது வயது 14தான்! கதையை அறிஞர் பலர் ஐயுறுவதில் வியப்பில்லை.

முதலில் ஒரு பாட்டு, பின்னர் 30 மாற்றுருக்கள், முடிவில் மீண்டும் அதே பாட்டு என்பதே அந்நூலின் அமைப்பு. மாற்றுருக்கள் பாட்டின் மெட்டைப் பின்பற்றுவன அல்ல. அதற்கு அடியில் ஓடும் கீழ்ச்சுர நடையைப் பற்றியே எழுவன. இரண்டு வரிசைக் கட்டைகளுடைய ஆர்ப்சிகார்டு என்னும் கருவிக்கென எழுதப்பட்டமையால், ஒரே வரிசையுள்ள பியானோவில் வாசிப்போரின் கைகள் சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இடறும். 1933இல் லாண்டோவ்ஸ்கா அம்மையார் இதனை ஆர்ப்சிகார்டிலேயே வாசித்துப் பதித்தார்.

கனடா நாட்டு டொராண்டோ நகரினரான கிளென் கூல்ட், 1955 சூன் திங்களில், தமது 22ஆம் வயதில், இதனைப் பியானோவில் பதிக்க நியூயார்க் வந்தார். முன்னாளில் தேவாலயமாயிருந்த கொலம்பியா நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடத்திற்கு அக்கோடையிலும் மேலங்கியும் கையுறையும் அணிந்தே வந்தார். தந்தையார் கால்களைக் குறைத்துத் தந்த தாழ்ந்த நாற்காலியில் அமர்ந்து, வாய்க்குள் முனகியவாறே வாசித்தார். அம்முனகலும் தட்டில் கேட்கிறது. மறுவாசிப்புகளை எல்லாம் விட்டு 38 நிமிடங்களில் நூலை முடித்தார். 1956இல் வெளிவந்த அத்தட்டு அவரை உலகறியச் செய்தது. பாக்கின் நூலையும் பொதுமக்களிடம் சேர்த்தது.

புகழின் உச்சியில், 1964இல், மேடைக் கச்சேரியை அவர் அறவே துறந்தார். ஒலிப்பதிவே கலைஞனுக்கு ஏற்ற இடம் என்பது அவர் கொள்கை. மேடையில் ஒரு முறை வாசித்ததைத் திருத்த இயலாது. பதிவிலோ பலமுறை வாசித்துத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அவ்வாறு தேர்ந்தெடுத்த இளமைப் பதிவே பின்னாளில் அவருக்கு அயலாகிவிட்டது. அதை வாசித்தவனின் உள்ளத்தைத் தம்மால் அடையாளங்காண இயலவில்லை என்ற கருத்துப்பட அவரே கூறினார்.

எனவே 1981இல் அதே கூடத்தில் மீண்டும் பதித்தார். முன்பு இரண்டு நிமிடங்களுக்குள் முடிந்த தொடக்கப் பாட்டு இப்போது மூன்று நிமிடங்களைக் கடந்தது. முழு நூலும் 51 நிமிடங்களாயிற்று. முதல் தட்டில் ஒவ்வொரு மாற்றுருவும் தனித்தனியே ஒளிவிடும். இரண்டாவதிலோ ஒரே தாளத் துடிப்பு அனைத்தையும் பிணைக்கிறது. இசைநூலின் கட்டமைப்பை அறிய விரும்புவோர்க்கு இரண்டாவதே ஏற்றது. ஆனால் முதலாவதன் துள்ளலை அதில் தேடிப் பயனில்லை.

நூலாசிரியர் திருத்திய பதிப்பை வெளியிட்டால் பழைய பதிப்பு பெரும்பாலும் வழக்கொழியும். இங்கே அவ்வாறு நிகழவில்லை. ஆசிரியரே கைவிட்ட முதற்பதிவை மக்கள் கைவிடவில்லை. இரண்டாம் பதிவு வெளிவந்த சின்னாட்களில், 1982 அக்டோபர் 4ஆம் நாள், கூல்ட் டொராண்டோவில் காலமானார். அவர் கல்லறையில் அந்தத் தொடக்கப் பாட்டின் முதற் சுரங்கள் பொறிக்கப்பட்டுள்ளன.