பீகிங் எப்போது பெய்ஜிங் ஆனது?

2008 ஒலிம்பிக்ஸ் நடந்தது பெய்ஜிங்கில். ஆனால் அந்த ஊர் வாத்துக்கறி இன்னும் 'பீகிங் டக்'. அங்கே இருக்கும் பெரிய பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் தன்னை 'பீகிங் யூனிவர்சிட்டி' என்றுதான் சொல்லிக்கொள்கிறது. பழைய விமான நிலையத்தின் குறியீடு பி.இ.கே. (நாம் மட்டும் என்ன, ஊருக்கு டிக்கெட் போடும்போது சென்னை சென்ட்ரலுக்கு இன்னும் எம்.ஏ.எஸ். என்றுதானே அடிக்கிறோம் :-))

மெட்ராஸ் சென்னை ஆன மாதிரி சீனாக்காரர்களும் ஊர்ப் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. சீன எழுத்தில் அன்றும் இன்றும் அதே இரண்டு எழுத்துகள்தான்: 'வடக்குத் தலைநகர்' என்று பொருள். (1928 முதல் 1949 வரை மட்டும் தலைநகர் வேறு ஊருக்குப் போனதால் 'பெய்பிங்' என்று இருந்தது.) மாறியது ஆங்கில ஸ்பெல்லிங் மட்டுமே.

சரி, 'கி' எப்படி 'ஜி' ஆச்சு? பெங்களூரில் இருக்கும் நமக்கு இது எளிதில் புரியும். நாம் 'செவி' என்பதைக் கன்னடக்காரர்கள் 'கிவி' என்கிறார்கள். இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் வரும் 'க' சில மொழிகளில் 'ச' பக்கம் நகர்ந்துவிடும். வட சீனப் பேச்சிலும் இதுதான் நடந்தது. கான்டனீஸ் பேசுகிறவர்கள் இன்னும் 'க்'கை விடவில்லை. 'பீகிங்' என்பது பழைய உச்சரிப்பை ஐரோப்பியர் பிடித்து வைத்துக்கொண்ட வடிவம்.

19-ம் நூற்றாண்டில் தாமஸ் வேட் என்ற பிரிட்டிஷ் தூதரக அதிகாரி சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுத ஒரு முறை வகுத்தார். ஹெர்பர்ட் ஜைல்ஸ் அதைச் சீர்செய்து 1892-ல் தன் அகராதியில் பயன்படுத்தினார். வேட்-ஜைல்ஸ் முறை என்பது இதுதான். இதில் காற்றோடு வரும் 'ப', 'த' ஒலிகளுக்கு மேலே ஒரு சின்னக் குறி போட வேண்டும். அவசரத்தில் எல்லோரும் அதை விட்டுவிட்டார்கள். விளைவு? தைவான் தலைநகர் தைபேயில் இருக்கும் 'பே'யும் பெய்ஜிங்கில் இருக்கும் 'பெய்'யும் ஒரே சொல் (வடக்கு) என்பது ஸ்பெல்லிங்கைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

1906-ல் ஷாங்காயில் தபால், தந்தித் துறையினர் கூடி ஊர்ப் பெயர்களுக்கு ஒரே சீரான ஸ்பெல்லிங் முடிவு செய்தார்கள். தந்தியில் குறிகள் போக முடியாது என்பதால் எல்லாம் வெறும் எழுத்துகள். ஏற்கெனவே பழகிப்போன பீகிங், கான்டன், அமோய், ஸ்வாட்டோ எல்லாம் அப்படியே நின்றன.

வேடிக்கை என்னவென்றால், அதே 1906-ல்தான் ஜோ யோவ்குவாங் பிறந்தார். வங்கியிலும் பொருளாதாரத்திலும் இருந்த இவரை 1955-ல் மொழிச் சீர்திருத்த வேலைக்குக் கூப்பிட்டார்கள். இவரும் குழுவினரும் உருவாக்கிய பின்யின் முறை 1958-ல் சட்டப்படி ஏற்கப்பட்டது. (111 வயது வரை வாழ்ந்து 2017-ல் மறைந்தார்.)

பின்யினில் க்யூ, எக்ஸ், இஸட்-ஹெச் எல்லாம் கன்னாபின்னாவென்று வருகிறதே என்று அலுத்துக்கொள்கிறோம். காரணம் எளிது. அது நமக்காகச் செய்யப்பட்டதில்லை. சீனக் குழந்தைகள் பள்ளியில் மாண்டரின் கற்பதற்குச் செய்தது. குவாங்ஜோவில் இஸட்-ஹெச் என்றால் ஒரு மாதிரி 'ஜ'. ஆலப்புழாவிலும் கனிமொழியிலும் அதே இஸட்-ஹெச் என்றால் 'ழ'. எழுத்து என்பது ஒப்பந்தம்தான். யார் யாரோடு செய்துகொண்டது என்பதுதான் கேள்வி.

எந்த ஒப்பந்தத்திலும் ஓட்டை உண்டு. அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மாகாணங்கள், இரண்டுமே 'ஷான்ஷி'. குரலின் ஏற்ற இறக்கம்தான் வித்தியாசம். அந்தக் குறியை எடுத்துவிட்டால் எது எது? அதனால் ஒன்றில் மட்டும் 'ஏ' எழுத்தை இரண்டு தடவை போட்டு, பின்யின் விதியை மீறியே எழுதுகிறார்கள். களிமண் படைவீரர் சிலைகள் இருக்கும் சியான் நகரம் அந்த இரட்டை 'ஏ' மாகாணத்தில் இருக்கிறது.

1977-ல் ஐ.நா.வின் ஊர்ப்பெயர் மாநாடு பின்யினை ஏற்றது. 1979 ஜனவரி 1 முதல் சீனா தன் வெளிநாட்டுச் செய்திகளிலும் அதையே பயன்படுத்தத் தொடங்கியது. கவனியுங்கள், உள்ளூரில் 21 வருடம் பழகிவிட்டுத்தான் உலகத்திடம் கேட்டார்கள். நம் ஊரில் 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கை ஒரே அரசாணையில் மாற்றி, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றதை நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் இதை முழுக்க வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமோய், ஸ்வாட்டோ என்ற பழைய பெயர்கள் வெள்ளைக்காரன் வாயில் சிதைந்தவைதான். ஆனாலும் அவை அந்தந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஹொக்கியன், தியோச்சு மொழிகளில் சொன்ன பெயரை ஒட்டி வந்தவை. பின்யினில் அவை ஷியாமென், ஷாந்தோ. அதாவது மாண்டரின் உச்சரிப்பு. ஊர்க்காரர்கள் வீட்டில் சொல்லும் பெயர் வரைபடத்திலிருந்து போய்விட்டது. ஹாங்காங் மட்டும் தப்பித்தது. அது கான்டனீஸ் பெயர். மாண்டரினில் 'ஷியாங்காங்'.

அந்நியன் வைத்த ஸ்பெல்லிங்கை மாற்றுவது நியாயம்தான். ஆனால் புது ஸ்பெல்லிங் ஊர்க்காரன் வாயைக் கேட்டு எழுதியதா, தலைநகரின் வாயைக் கேட்டு எழுதியதா என்பதையும் பார்க்க வேண்டும். வெளிமாநிலத்தில் பிழைக்கிற நமக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

உங்கள் ஊர்ப் பெயரை ரயில்வே பலகை எப்படி எழுதுகிறது, பாட்டி எப்படிச் சொல்லுவார்? பின்னூட்டத்தில் சொல்லுங்களேன்.