மானிப்பாயில் அறுகு

மானிப்பாய் மருதடி விநாயகர் ஆலயத்தின் தேர்த் திருவிழா சித்திரைப் புத்தாண்டு நாளில் நிகழ்வது. தேரேறும் அப்பெருமானுக்கு உகந்தது அறுகம்புல். அப்புல்லையே அயலிலுள்ள கமக்காரன் களையென்று மண்வெட்டியாற் கொத்தி எறிகின்றான். கோயிலில் மதிப்பும் தோட்டத்தில் பகையும் ஒரே புல்லுக்கு வாய்த்தமைக்குக் காரணம் ஒன்றே.

அறுகு பல்லாண்டு வாழும் புல். அதன் தண்டு நிலத்தின்மேற் படர்ந்தும் நிலத்துள் ஓடியும் கணுத்தோறும் வேர்விடும். வெட்டுண்ட துண்டில் ஒரு கணு எஞ்சினும் மீண்டும் தளிர்க்கும். ஆதலின் அதனை வளர்ப்போர் தண்டை நறுக்கிப் பதிப்பர்; அழிப்போர் கோடையில் நிலத்தைக் கொத்தி, வேரையும் தண்டையும் வெயிலில் உலர்த்துவர். மாட்டுக்கு அது நல்ல தீன். சித்த வைத்தியருக்கு அறுகன் தைலத்தின் மூலப்பொருள்.

எளிதில் அழியாத அவ்வியல்பையே யாழ்ப்பாணத்து முன்னோர் மங்கலமாகக் கொண்டனர். நீராட்டுமுன் மணமக்களின் தலையில் பாலும் அறுகும் வைத்தனர். அறுகரிசி இட்டு, குலம் அறுகுபோல் வேரோடுக என வாழ்த்தினர்.

1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக வெளியேறினர், மானிப்பாயும் வெறிச்சோடியது. 1996 ஏப்ரலிலும் அதன் பின்னரும் பலர் மீண்டனர். போர்க்காலத்திற் கடல்கடந்தோர் பலர் அங்கேயே குடியமர்ந்தனர். அவர்தம் மணவீடுகளிலும் பால் அறுகு வைக்கும் வழக்கம் தொடர்கின்றது. ஊரைப் பிரிந்தோருக்கு அச்சிறுபுல் சடங்குப் பொருள் மட்டுமன்று. வேர் அறவில்லை என்பதற்குச் சான்றுமாகும்.